ஏழு கதவுகளும் நமது விமர்சகர்களும்

ஓவியத்தைப் பற்றி எழுதுவதற்கு முதலில் ஓவியத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவு எளிய உண்மையை ஒரு கட்டுரையின் தொடக்கமாக எழுத நேர்வது வருத்தத்துக்குரியது. ஆயினும் எழுதாமலிருக்க முடியவில்லை. கவிதைக்கும் சிறுகதைக்கும் நம் மத்தியில் ஒரு விமர்சன மரபு உண்டு. ஒரு கவிதையை ‘அருமை’ என்று மாத்திரம் சொல்லிவிட்டு ஒருவர் அமர்ந்தால், ‘எந்தச் சொல் அருமை, அது ஏன் அந்த இடத்தில் வந்தது?’ என்று சபையில் ஒருவராவது எழுந்து கேட்பார். ஓவியம் என்று வந்துவிட்டால் அப்படிக் கேட்பாரில்லை. அங்கே அபிப்பிராயமே ஆய்வாகிவிடுகிறது.

அதிலும் குறிப்பாக, மாளிகைகளையும் பள்ளிவாசல்களையும் தீட்டிய ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது நம்மவர் கையில் இரண்டு இறப்பர் முத்திரைகள் தயாராக இருக்கின்றன. தீட்டியவர் ஐரோப்பியரா? ‘கீழைத்தேயவாதம்’ என்று ஒரு குத்து. தீட்டியவர் முஸ்லிமா? ‘ஆன்மிகம் ததும்புகிறது’ என்று இன்னொரு குத்து. முதலாவது கோபத்தின் முத்திரை. இரண்டாவது பெருமையின் முத்திரை. இரண்டுக்கும் படத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஓவியரின் பெயரைப் பார்த்தாலே போதும்.

இவ்விரு முத்திரைகளும் ஒரே சோம்பலின் இரு கைகள் என்பதே எனது வாதம். ஓர் ஓவியத்தின் உணர்வுநிலை வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. அது நுட்பத்தால் உண்டாக்கப்படுகிறது. கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, ஒளி எங்கிருந்து விழுகிறது, மனிதர்கள் கட்டடத்தின் எந்த மூலையில் எந்தப் பருமனில் நிற்கின்றனர், பார்ப்பவரை ஓவியர் எங்கே நிறுத்துகிறார் என்பவற்றைச் சொல்லாமல் உணர்வைப் பற்றிச் சொல்வது, சொல்லையும் ஓசையையும் தொடாமல் ஒரு கவிதையின் ‘உள்ளத்தை’ விளக்குவதற்கு ஒப்பானது. இரண்டு ஓவியங்களைக் கொண்டு இதனை விளக்க முயல்கிறேன். ஒன்று நாம் ஏசிப் பழகியது. மற்றையது நாம் பாராதது.

1

பிரெஞ்சு ஓவியர் ழான் லெயோன் ஜெரோம் 1879 அளவில் தீட்டிய ‘பாம்பாட்டி’ இன்று ஐக்கிய அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கிளார்க் கலை நிறுவகத்தில் இருக்கிறது. அதனை நேரில் கண்டவர் நம்மில் அரிது. எனினும் அது நமக்குப் பழக்கமான படம். எட்வேர்ட் செய்த்தின் ‘ஓரியண்டலிஸம்’ 1978இல் வெளிவந்தபோது அதன் முன்னட்டையில் இடம்பெற்றது இந்த ஓவியமே. நூலின் ஆய்வுப்பொருளோ எழுத்துகள், ஓவியங்கள் அல்ல. ஆனால் நம்மவர் பலருக்கு அட்டையே தீர்ப்பாகிவிட்டது. ஓர் அறிஞர் தமது நூலில் ஆராயாத ஓவியத்தை, அவர் ஆராய்ந்து முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு நாம் மேற்கோள் காட்டி வருகிறோம்.

படத்தில் என்ன இருக்கிறது? நீல டைல்கள் பதித்த பெருஞ்சுவர் ஒன்று. அதன் அடியில் சுவரோடு சாய்ந்தவாறு ஆயுதம் தரித்த ஆடவர் கூட்டம். முன்னே, கற்தரையில் விரித்த சிறு கம்பளத்தின் மீது, உடலில் பாம்பு சுற்றிய நிர்வாணச் சிறுவன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். பக்கத்தில் முதியவர் ஒருவர் குழலூதுகிறார். சுவரின் டைல்கள் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையின் டைல்களைப் பார்த்து வரையப்பட்டவை. தரையோ கெய்ரோவின் அம்ர் பள்ளிவாசலின் தரையை ஒத்தது. ஆக, இப்படியொரு கட்டடம் பூமியில் எங்கும் இல்லை. இரு நகரங்களை வெட்டி ஒட்டிச் செய்த கட்டடம் அது. அப்படியிருந்தும் பார்ப்பவர் எவரும் அதனைச் சந்தேகிப்பதில்லை. ஏன்?

இதற்கான விடையை 1983இல் கலை வரலாற்றாளர் லிண்டா நொக்லின் எழுதினார். செய்த்தின் சிந்தனையை ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஜெரோமின் படத்தில் தூரிகையின் தடமே தெரிவதில்லை என்பது அவரது முக்கியமான அவதானம். வர்ணம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு டைலின் பூவும் இலையும் தெளிவாகத் தெரிகின்றன. ‘இதனை ஒருவன் உட்கார்ந்து தீட்டினான்’ என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் எழாதபடி ஓவியர் தம்மை மறைத்துக்கொள்கிறார். ஓவியர் மறைந்ததும் ஓவியம் சாட்சியமாகிவிடுகிறது. பொய்யான கட்டடம் மெய்யாகிவிடுகிறது. இதுதான் விமர்சனம். இங்கே ‘கீழைத்தேயவாதம்’ என்ற சொல் முடிவாக வருகிறது; தொடக்கமாக வரவில்லை. நொக்லின் வர்ணத்தின் மேற்பரப்பைப் பார்த்த பின்னர் அந்த முடிவுக்கு வந்தார். நாமோ முடிவை இரவல் வாங்கிவிட்டு மேற்பரப்பை மறந்துவிட்டோம்.

இரவல் வாங்கியதால் நேர்ந்த நட்டத்துக்கு ஓர் உதாரணம் தருகிறேன். அந்த நீலச் சுவரின் மேற்பகுதியில் அரபு எழுத்துகள் பெரிதாக ஓடுகின்றன. அது சூறா அல்பகராவின் 256ஆம் வசனம் என்பதை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டுள்ளனர். மார்க்கத்தில் நிர்ப்பந்தத்துக்கு இடமில்லை என்பதை அறிவிக்கும் வசனம் அது. வாளும் கேடயமுமாகக் கூடியிருப்போரின் தலைக்கு மேலே இந்த வசனம்! ஜெரோம் அதன் பொருளறிந்து அங்கு வைத்தாரா, எழுத்தின் அழகுக்காக எடுத்தாண்டாரா என்பது தனி விவாதம். நமக்குரிய கேள்வி வேறு. அரபெழுத்தை ஐந்து வயதில் கற்கத் தொடங்கும் ஒரு சமூகத்தின் விமர்சகர்களில் எத்தனை பேர், அந்த அட்டையை ஏசுவதற்கு முன்னர், அதிலுள்ள எழுத்தைக் கூட்டி வாசித்துப் பார்த்தனர்?

நொக்லினின் இன்னோர் அவதானம், சுவரில் உடைந்தும் உதிர்ந்தும் கிடக்கும் டைல்கள் பற்றியது. ‘இவர்கள் தம் முன்னோரின் கலையைப் பேணத் தெரியாத சோம்பேறிகள்’ என்ற தீர்ப்பை அந்த உடைவுகள் சத்தமின்றிச் சொல்கின்றன என்பார் அவர். ஜெரோமைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் ‘உடைந்த டைல் என்றால் கீழைத்தேயவாதம்’ என்று இதனை ஒரு சூத்திரமாக மனனம் செய்துகொண்டால் என்னவாகும்? உஸ்மானிய ஓவியர் உஸ்மான் ஹம்தி பே 1906இல் தீட்டிய ‘ஆமைப் பயிற்சியாளர்’ முன்னால் நாம் திகைத்து நிற்க நேரும். பாரிசில் ஓவியம் கற்று, இஸ்தான்புல்லின் அரச நூதனசாலைக்குப் பணிப்பாளராயிருந்து, தம் நாட்டின் தொல்பொருள்கள் வெளியே கடத்தப்படுவதைத் தடுக்கப் பாடுபட்டவர் அவர். அவரது படத்திலும், புர்சா நகரின் பச்சைப் பள்ளிவாசலின் மேல்மாடத்தில், டைல்கள் கழன்றிருக்கின்றன, சாந்து உதிர்ந்திருக்கிறது.

ஆனால் உணர்வு வேறு. அங்கே அகன்ற சுவரும் கூட்டமும் இல்லை. தாழ்ந்த ஜன்னல் ஒன்றினூடாக வரும் ஒளி மாத்திரமே. அந்த ஒளியில், முதுகு சற்றுக் கூனிய ஒரு மனிதர், குழலைப் பின்னால் பிடித்தபடி, காலடியில் இலை தின்னும் ஆமைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உதிர்ந்த சுவரும் களைத்த முதுகும் ஒரே ஒளியில் ஒன்றாகின்றன. அங்கே உடைவு ஏளனமாகவில்லை, துயராகிறது. உடைந்த டைலுக்கென்று நிரந்தரமான பொருள் எதுவும் கிடையாது. ஒளியும் இடமும் மனிதரின் நிலையும் சேர்ந்தே அதற்குப் பொருள் தருகின்றன.

இது வெறும் கலைப்பேச்சு என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 2019ஆம் ஆண்டு ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலின்போது, ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சி, ஜெரோம் 1866இல் தீட்டிய ‘அடிமைச் சந்தை’ ஓவியத்தை முஸ்லிம் வெறுப்புச் சுவரொட்டியாக பெர்லின் நகரில் ஒட்டியது. ஓவியத்துக்கு உரிமையுள்ள கிளார்க் நிறுவகம் ஆட்சேபித்தது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அந்த வழுவழுப்பான மேற்பரப்பு ‘இது நேரில் கண்டது’ என்று பொய்ச்சாட்சி சொல்லும் வல்லமையை இழக்கவில்லை. அதற்கெதிராக ‘கீழைத்தேயவாதம்’ என்று கூவுவது போதாது. பொய் எவ்வாறு செய்யப்பட்டது என்று காட்டத் தெரிந்தவரே அதனை உடைக்க முடியும்.

2

இனி நாம் பாராத ஓவியத்துக்கு வருவோம்.

ஹிஜ்ரி 893இல், அதாவது கி.பி. 1488இல், ஹிராத் நகரில் சுல்தான் ஹுஸைன் பைகராவின் நூலகத்துக்காக, ஷெய்க் ஸஅதியின் ‘பூஸ்தான்’ நூலின் பிரதியொன்று எழுதப்பட்டது. அதற்குப் படம் தீட்டியவர் பிஹ்ஸாத். அப்பிரதி இன்று கெய்ரோவின் தாருல் குதுப் நூலகத்தில் உள்ளது. அதிலுள்ள ஒரு பக்கம், நபி யூசுஃப் (அலை) அவர்கள் ஸுலைகாவிடமிருந்து தப்பியோடும் கட்டத்தைச் சித்திரிக்கிறது. பாரசீகச் சிற்றோவியத்தின் சிகரங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படுவது அது.

அங்கே நாம் காண்பது பிரதானமாக ஒரு மாளிகையை. பக்கத்தை ஏறத்தாழ முழுவதுமாக அந்த மாளிகையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே வாசல். அதற்கு மேலே செங்கல் சுவர்கள், டைல் பதித்த அறைகள், விரித்த கம்பளங்கள், வளைவுகள், மரக்கிராதியிட்ட மாடம், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் திரும்பும் படிக்கட்டுகள். எங்கும் கதவுகள். கதவுகள் யாவும் மூடியிருக்கின்றன. மனிதர் இருவர் மாத்திரமே. அவர்களும் மேற்பகுதியில் வலப்புறமாக, ஒரு சிறு அறைக்குள். பச்சை அங்கியில் விலகியோடும் ஒருவர். செந்நிற உடையில், அவரை எட்டிப் பிடிக்கும் மற்றொருவர். பணிப்பெண் இல்லை, காவலர் இல்லை, வேலையாள் இல்லை. அத்தனை பெரிய மாளிகை வெறிச்சோடிக் கிடக்கிறது.

நபிமாரை உருவமாகத் தீட்டுவது நம்மவரில் மிகப் பலருக்கு உடன்பாடானதல்ல. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். அந்த விவாதத்தைத் தொடக்குவதும் எனது நோக்கமன்று. ஆனால் அதன் காரணமாக இப்பக்கத்தை அடியோடு ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்லலாம். அந்த இரு உருவங்களையும் கையால் மறைத்துவிடுங்கள். மறைப்பதற்கு இரண்டு விரல்கள் போதும். மீதியிருக்கும் கட்டடம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். இந்தக் கட்டுரை அந்தக் கட்டடத்தைப் பற்றியதே.

முதலில் கதவுகள். அஸீஸின் மனைவி கதவுகளை அடைத்தாள் என்று சூறா யூசுஃபின் 23ஆம் வசனம் கூறுகிறது. எத்தனை கதவுகள் என்ற எண்ணிக்கை அங்கில்லை. ஸுலைகா என்ற பெயரும் அங்கில்லை. ஸஅதியின் பூஸ்தானிலும் ஏழறை மாளிகை கிடையாது. ஏழு அறைகளும் ஏழு பூட்டுகளும் மௌலானா ஜாமியின் ‘யூசுஃப் ஸுலைகா’ காவியத்திலிருந்து வந்தவை. பிஹ்ஸாதின் நகரத்திலேயே, இந்த ஓவியம் தீட்டப்படுவதற்குச் சுமார் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் எழுதி முடிக்கப்பட்ட காவியம் அது. ஆக, ஸஅதியின் நூலுக்குப் படம் தீட்டும்போது ஜாமியின் மாளிகையைக் கட்டினார் பிஹ்ஸாத். ஜாமியின் வரிகள் சிலவற்றை ஒரு வளைவைச் சுற்றி எழுதியும் வைத்தார். கவிதைக்கு விளக்கப்படம் தீட்டும் ஏவலாளர் செய்யும் வேலையா இது? ஒரு கவிஞரின் நூலுக்குள் இன்னொரு கவிஞரை அழைத்து வந்து இருத்திய வாசகரின் வேலை இது.

அதிலும் அவர் ஜாமியை அப்படியே பின்பற்றவில்லை. காவியத்தில் அந்த மாளிகையின் சுவர்களெங்கும் யூசுஃபும் ஸுலைகாவும் இணைந்திருக்கும் படங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன; எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரது பார்வை இச்சையில் சிக்க வேண்டும் என்பது ஸுலைகாவின் திட்டம். கடைசி அறையில் திரைக்குப் பின்னால் அவள் வணங்கும் சிலையும் உண்டு. பிஹ்ஸாத் இவையிரண்டையும் நீக்கிவிட்டார். கவிஞர் சுவரில் வைத்த படங்களை ஓவியர் துடைத்தெறிந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். படம் தீட்டுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு அதைவிட வாய்ப்பான இடம் வேறெது? ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது வேறு. சுவர்களில் பூவும் கோலமும் எழுத்தும் மட்டுமே எஞ்சின. ஆசையைத் தூண்டும் பொறுப்பிலிருந்து கட்டடத்தை விடுவித்து, அடைத்து வைக்கும் பொறுப்பை மட்டும் அதற்குக் கொடுத்தார்.

இரண்டாவது, பாதை. பாடசாலைச் சித்திரப் பாடத்தில் நாம் கற்ற தூரநோக்கு முறையில், எல்லாக் கோடுகளும் தூரத்தே ஒரு புள்ளியில் போய்ச் சேரும். பார்ப்பவர் ஓரிடத்தில் அசையாமல் நின்று ஒரே கண்ணால் பார்ப்பதாகக் கொள்வது அம்முறை. பிஹ்ஸாதின் மாளிகையில் அப்படியொரு புள்ளி இல்லை. கம்பளம் மேலிருந்து பார்த்ததுபோல் முழுமையாக விரிந்து கிடக்கிறது. சுவர் நேரெதிரே நிமிர்ந்து நிற்கிறது. சில சுவர்கள் சரிந்து செல்கின்றன. உள்ளும் வெளியும் ஒரே பார்வையில் தெரிகின்றன. ‘இவர்களுக்கு தூரநோக்கு தெரியாது; ஆகவே இது ஓவியமன்று, அலங்காரம்’ என்று இதைப் பார்த்து ஐரோப்பியர் சிலர் ஒருகாலத்தில் சொன்னதை, அவர்களே கைவிட்ட பின்னரும், நம்மவர் சிலர் பத்திரமாகச் சொல்லிவருகின்றனர்.

அவர்களுக்கு எனது கேள்வி இது. ஒரு புள்ளியில் சேரும் கோடுகளால் இந்த மாளிகையை வரைந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கண் ஒரே பாய்ச்சலில் அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஏழு கதவுகள் ஒரே வரிசையாகிவிட்டிருக்கும். இங்கோ கண்ணுக்குக் குறுக்குவழி இல்லை. வாசலில் புகுந்து, ஒரு கதவில் முட்டி, படியேறி, திரும்பி, இன்னொரு கதவில் முட்டி, அறையறையாகச் சென்றே அது அந்த மூலையை அடைய வேண்டியிருக்கிறது. யூசுஃப் (அலை) அவர்கள் கடந்து வந்த பூட்டுகளை நமது கண்ணும் கடக்கிறது. திரும்பி ஓட வேண்டிய தூரம் எவ்வளவு என்பது நமக்கு அந்த நடையினால் தெரிகிறது. அச்சம் அவரது முகத்தில் தீட்டப்படவில்லை. கட்டடத்தின் வழிகளில் தீட்டப்பட்டிருக்கிறது. இதனை ‘தூரநோக்கு தெரியாமை’ என்று சொல்வது, வெண்பாவில் விருத்தத்தின் ஓசை இல்லை என்று குறைகூறுவது போலாகும்.

மூன்றாவது, ஒளி. இந்தப் பக்கத்தில் எங்குமே நிழல் கிடையாது. கம்பளத்தின் நூலும் சுவரின் செங்கல்லும் ஒரே சீரான ஒளியில் தெளிவாக இருக்கின்றன. நிழலின்மை பிஹ்ஸாதின் கண்டுபிடிப்பல்ல. அது பாரசீகச் சிற்றோவியத்தின் பொது மரபு. ஆனால் மரபைப் பின்பற்றுவது வேறு, மரபை வேலை வாங்குவது வேறு. கதை என்ன? எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டால் எவரும் பார்க்கமாட்டார் என்று ஒருத்தி எண்ணினாள். ஸஅதியின் கதையில் அவள் தன் சிலையின் முகத்தையும் துணியால் மூடுகிறாள். ஒரு கல்லுக்கு முன்னால் நீ வெட்கப்படுகிறாய், நான் என் இறைவனுக்கு முன்னால் வெட்கப்பட வேண்டாமா என்ற கருத்தில் யூசுஃப் (அலை) விடையளிக்கிறார். இந்த விடையைத் தாங்கிய நூலின் பக்கத்தில், ஒளிந்துகொள்ள ஓர் அங்குல நிழலும் இல்லாத மாளிகையைக் கட்டினார் பிஹ்ஸாத். கதவுகள் யாவும் பூட்டியிருக்கின்றன. ஆனால் எதுவும் மறைந்திருக்கவில்லை. ஓர் ஐரோப்பிய ஓவியர் இக்காட்சிக்கு இருளையும் மெழுகுவர்த்தியையும் தேடியிருக்கக்கூடும். பிஹ்ஸாதுக்கு இருள் தேவைப்படவில்லை. முழு வெளிச்சமே அவரது பயங்கரம்.

‘ஆன்மிகம்’ என்ற சொல்லை இப்போது, இந்த இடத்தில், ஒருவர் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஏழு அறைகளை ஆன்மாவின் ஏழு படிநிலைகளாகவோ ஏழு வானங்களாகவோ விளக்குவோரும் உளர். அவர்கள் அதற்கான சான்றைக் கதவுகளிலும் படிகளிலும் நிழலின்மையிலும் காட்டட்டும். சான்றைக் காட்டாமல் ‘ஆன்மிகம் ததும்புகிறது’ என்று மட்டும் சொன்னால், அது பிஹ்ஸாதுக்கும் பொருந்தும், அத்தர் போத்தலின் மீது ஒட்டிய படத்துக்கும் பொருந்தும். இரண்டுக்கும் பொருந்தும் பாராட்டு எதையும் பாராட்டவில்லை.

ஜெரோமின் சுவரை இங்கே மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். அவர் நம்மைச் சிறுவனின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துகிறார். கூட்டம் முன்னாலிருந்து பார்க்கிறது. நாம் பின்னாலிருந்து பார்க்கிறோம். நாம் எட்டிப் பார்ப்பவர்கள். பிஹ்ஸாதின் காட்சியும் இச்சையைப் பற்றியதுதான். ஆனால் அதில் எட்டிப் பார்க்கத் துவாரம் இல்லை. அவர் நம்மை வாசலில் நிறுத்தி நடக்க விடுகிறார். ஜெரோம் தம் தூரிகையை மறைத்து, இல்லாத கட்டடத்தை மெய்யென்று நம்பவைத்தார். பிஹ்ஸாதோ, இது தீட்டப்பட்ட கட்டடம் என்பதை ஒருபோதும் மறைக்கவில்லை. கட்டடத்தின் அலங்காரத்துக்குள்ளேயே தம்மை அடியான் என்று குறிப்பிட்டுத் தம் பெயரை எழுதி வைத்தார். இல்லாத கட்டடம் இரண்டு. ஒன்று பொய் சொல்கிறது. மற்றையது உண்மையைச் சொல்வதற்காகக் கட்டப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டைக் காட்டித் தருவது ஓவியரின் மதமோ நாடோ அல்ல. அவர் கையாண்ட முறை.

3

முற்போக்கு முகாமிலிருந்து ஓர் ஆட்சேபம் வரக்கூடும். ‘இது சுல்தானின் பணத்தில் தீட்டப்பட்ட அரசவைக் கலை. உழைக்கும் மக்கள் எங்கே? மாளிகைகளைக் கொண்டாடுவது பிரபுத்துவ மனோபாவமன்றோ?’ கேள்வி நியாயமானது. விடையும் பிஹ்ஸாதின் காலத்து ஹிராத்திலேயே இருக்கிறது. 1490களில் நிஸாமியின் ‘கம்ஸா’ பிரதியொன்றில் ‘கவர்னக் கோட்டை கட்டப்படல்’ என்ற ஓவியம் இடம்பெற்றது. இன்று பிரித்தானிய நூலகத்திலுள்ள அந்த ஓவியம் பிஹ்ஸாதினுடையது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதில் கோட்டை முடிந்திருக்கவில்லை. மன்னரும் இல்லை. ஒருவர் சாந்து குழைக்கிறார். ஒருவர் ஏணியில் ஏறுகிறார். ஒருவர் சுமக்கிறார். மேலே நிற்பவர் செங்கல் வைக்கிறார். ஒவ்வோர் உடலும் அதனதன் வேலையின் பாரத்தால் வளைந்திருக்கிறது. மாளிகை எவ்வாறு எழும்புகிறது என்று அரசவையின் நூலுக்குள்ளேயே தீட்டிக் காட்டியவரை, ஒரே சொல்லால் அரசவைக் கலைஞர் என்று கடந்துபோவது விமர்சனமன்று. அதுவும் மூன்றாவது முத்திரைதான்.

சிலர் வேறு விதமாகக் கேட்கலாம்: ‘நமக்கு எத்தனையோ பிரச்சினைகள் இருக்கையில், ஓர் அப்பியாசக் கொப்பியின் பக்கமளவான படத்துக்காக இவ்வளவு ஆவேசம் எதற்கு?’ உண்மையில் அந்தப் பக்கத்தின் உயரம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர், அகலம் 21 சென்ரிமீற்றர் மாத்திரமே. ஆவேசத்துக்குக் காரணம் படத்தின் அளவன்று, நமது பழக்கத்தின் அளவு. ஒரு சமூகம் தன்னைப் பற்றிப் பிறர் தீட்டிய பொய்ப்படத்தை அட்டையளவிலாவது அறிந்து வைத்திருக்கிறது. தன் மரபு தீட்டிய மெய்ப்படத்தை அறியாதிருக்கிறது. செய்த்தை வாசித்த கையோடு பிஹ்ஸாதைத் தேடியிருக்க வேண்டும். நாம் தேடவில்லை. ஒர்ஹான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவல் 1998இல் வெளிவந்து, பின்னர் உலகமெல்லாம் சுற்றி, நம்மிடம் வந்து சேர்ந்த பின்னரே பிஹ்ஸாதின் பெயரை நம்மில் பலர் உச்சரிக்கத் தொடங்கினர். அப்போதும் நாவலைப் பற்றித்தான் பேசினோமே தவிர, அந்த நாவலின் ஓவியர்கள் உயிரைக் கொடுத்து விவாதிக்கும் படங்களைப் பார்க்க முயலவில்லை.

பிறர் செய்த அவமானத்தைக் கண்டுபிடிக்கப் பழகிய கண், காலப்போக்கில் அவமானத்தை மட்டுமே காணும் கண்ணாகிவிடும். அதற்குத் தன் வீட்டின் அழகும் தெரியாது, குறையும் தெரியாது. கோபம் நியாயமாயிருக்கும்போதுகூட அது குருட்டுக் கோபமாகவே இருக்கும். ஜெரோமின் பொய்யை உடைப்பதற்கும் பிஹ்ஸாதின் மெய்யை அறிவதற்கும் வேண்டியது ஒரே பயிற்சி. கோடு, ஒளி, இடம், அளவு. கவிதையில் சொல்லெண்ணிப் பார்க்கும் நம்மவருக்கு இது புதிய வித்தையன்று. இருக்கும் வித்தையை இன்னோரிடத்தில் பிரயோகிப்பதேயாகும்.

ஆகவே இந்தப் பக்கங்களில் எழுதும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஒரு கட்டடத்தின் ஓவியத்தைப் பற்றி எழுத அமரும்போது, ‘கீழைத்தேயவாதம்’, ‘ஆன்மிகம்’, ‘அரசவைக் கலை’ ஆகிய மூன்று சொற்களையும் கடைசிப் பந்திவரை தள்ளி வையுங்கள். அதற்கு முன்னர் கதவுகளை எண்ணுங்கள். அவை திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா என்று எழுதுங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று எழுதுங்கள். நீங்கள் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதன் பின்னரும் அந்தச் சொற்களில் ஒன்று தேவைப்பட்டால் தாராளமாக எழுதுங்கள். அப்போது அது முத்திரையாக இராது, தீர்ப்பாக இருக்கும்.

ஜாமியின் காவியத்தில், யூசுஃப் (அலை) அவர்கள் ஓடத் தொடங்கியதும் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே திறந்துகொள்கின்றன. பிஹ்ஸாத் அந்தக் கணத்தைத் தீட்டவில்லை. கதவுகள் திறப்பதற்குச் சற்று முந்திய கணத்தில் ஓவியத்தை நிறுத்திவிட்டார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை மூடியபடியே இருக்கின்றன. நடக்கத் தயாரானவரின் கண்ணுக்கு மாத்திரமே அவை திறக்கும்.